கோமதியின் வரைபடத்தில் விட்டுப்போன இடம்

உங்கள் புது விண்கலத்தின் அறிவியல் குறிக்கோள்களை எனக்கும் அனுப்பிவைத்திருந்தீர்கள். இலஞ்சி வீட்டில் காலைக் காப்பியோடு உட்கார்ந்து முழுவதும் வாசித்தேன். வளையங்களின் வயது என்ன, அவை கோளோடு கூடப் பிறந்தவையா, பிற்பாடு வந்து சேர்ந்தவையா? பனி நிலாக்களின் ஓட்டுக்கு அடியில் கடல் இருக்கிறதா? மேகத்துக்குக் கீழே கோளின் வயிற்றில் என்ன நடக்கிறது? எல்லாம் நல்ல கேள்விகள். ஒன்றுதான் கண்ணில் உறுத்தியது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'முதன்மை' என்று போட்டிருக்கிறீர்கள். எல்லாரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார்?

உங்களைக் குறை சொல்லவில்லை. அனுமதி வாங்குகிற காலத்தில் எல்லாமே முதன்மைதான். நாங்களும் அப்படித்தான் எழுதினோம். கலம் புறப்பட்டு, வருஷக்கணக்கில் பயணம் செய்து, வளையக் கோளை எட்டிப்பிடித்த பிறகுதான் சங்கதி தெரியும். கலம் ஒன்று, அதற்கு முகமும் ஒன்று. கேமராக்கள் உடம்பின் ஒரு பக்கத்தில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும், பூமியோடு பேசுகிற ஆன்டெனா இன்னொரு பக்கத்தில். நிலாவைப் பார்க்கத் திரும்பினால் வளையத்தைப் பார்க்க முடியாது. எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் பூமியோடு பேச முடியாது. பார்த்ததை மெமரியில் போட்டு வைத்து, அப்புறம் நம் பக்கம் திரும்பி ஒப்பிக்க வேண்டும். மெமரி நிறைந்தால் பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். ஆக, எந்த நேரத்தில் கலம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் சண்டையே. என் பணிக்காலத்தில் பெரும்பகுதி இந்தச் சண்டையில் கழிந்தது. பல நாட்டு ஆட்கள் சேர்ந்த திட்டம் அது. எங்கள் நிறுவனத்துக்கு வளையக் குழுவில் ஒரு சிறிய இடம், அந்த இடத்தில் நான்.

ஊரில் இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சனிக்கோளை ஆராய்கிறேன் என்றதும் என் தம்பி மனைவி கேட்டது இதுதான்: "அப்பம் சொல்லுங்க மதினி, எங்க வீட்டை விட்டு எப்பம் போவும்?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சேர்ந்த புதிதில் திட்டமிடல் கூட்டங்களை நடத்தியவர் ஒரு மூத்த பொறியாளர். குரல் உயர்த்தமாட்டார், சிரிக்கவும் மாட்டார். எந்தக் குழு வந்து நேரம் கேட்டாலும் "ஏன் வேண்டும்?" என்று கேட்கவே மாட்டார். அப்படிக் கேட்டால் விஞ்ஞானி ஒரு மணி நேரம் பேசுவான், நமக்குப் பசிக்கும் என்பார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இது கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?"

முதல் தடவை என்னிடம் கேட்டபோது நான் யோசிக்காமல் உள்ளதைச் சொன்னேன். "கலம் கோளை அடுத்த சுற்று வரும்போது இதே மாதிரி ஒரு வாய்ப்பு வரும், கொஞ்சம் சுமாராக இருக்கும், சமாளிப்போம்" என்றேன். மனிதர் அந்த நேரத்தை அப்படியே தூக்கி இன்னொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் குழுத் தலைவர் என்னை வராந்தாவில் நிறுத்திக் காய்ச்சி எடுத்தார். உண்மை விளம்பியதற்குக் கிடைத்த மரியாதை இதுதானா என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஆனால் அடுத்த சுற்றுக்கான வரைவு வந்தபோது, நாங்கள் கேட்காமலே, இருப்பதில் நல்ல நேரம் எங்கள் பெயருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் ஓய்வுபெற்றுப் போனார். கேள்வி மட்டும் தங்கிவிட்டது. தங்கியது என்றால், கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கும்போது பேர், நட்சத்திரம் கேட்பார்களே, அந்தக் கணக்காகத் தங்கியது. கேட்பவர் காதில் வாங்குவதில்லை. சொல்பவருக்குப் பதில் மனப்பாடம். "இது கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" "வேறு வழியே இல்லை." எல்லாக் குழுவும் இதையே சொன்னது. வேறு வழி இருக்கிறது என்று சொன்னவன் ஏமாளி என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் கேள்விக்கு வேலை இல்லை. அதற்குப் பிறகு நேரம் யாருக்குப் போனது என்றால், குரல் பெரிதாக உள்ளவர்களுக்குப் போனது.

அந்தக் காலத்தில்தான் கோமதி என்னிடம் ஆராய்ச்சி மாணவியாக வந்தாள். ஆய்க்குடிக்காரி. நெல் விவசாயக் குடும்பம். அவள் அப்பா வயலை ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே செங்கோட்டையில் கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிவிடுகிற தொழிலும் செய்தார். கோமதி அதிகம் பேசமாட்டாள், பேசினால் சுற்றி வளைக்கமாட்டாள். புதிதாக வருகிற எல்லாருக்கும் சொல்வது போல அந்தப் பொறியாளர் கதையை அவளுக்கும் சொன்னேன். எல்லாரும் சிரித்துவிட்டுப் போவார்கள். இவள் சிரிக்கவில்லை. அதை நான் அன்றைக்குக் கவனித்திருக்க வேண்டும்.

அவளுடைய ஆய்வு வளையத்தின் நடுப்பகுதியைப் பற்றியது. இருப்பதிலேயே கெட்டியான வளையம் அதுதான். அதில் எவ்வளவு பனி இருக்கிறது என்று தெரிந்தால்தான் வளையத்தின் வயதைப் பற்றி வாய் திறக்க முடியும். வழி எளிது. ஒரு நட்சத்திரம் வளையத்துக்குப் பின்னால் கடந்து போகிற நேரம் பார்த்துக் கலத்தை அதன் பக்கம் திருப்ப வேண்டும். வளையத்தின் ஊடே வருகிற ஒளி எங்கே எவ்வளவு மங்குகிறது என்று அளந்தால், அங்கே எவ்வளவு பனி இருக்கிறது என்று கணக்குப் போடலாம். சிக்கல் என்னவென்றால் கெட்டி வளையத்தை ஊடுருவ மிகப் பிரகாசமான நட்சத்திரம் வேண்டும், கோணமும் அமைய வேண்டும். அப்படி அமைந்த ஒரே நட்சத்திரத்துக்காகக் கோமதி வருஷக்கணக்கில் காத்திருந்தாள். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது. நடு அத்தியாயம் மட்டும் அந்த நட்சத்திரத்துக்காக நின்றது. உதவித்தொகையும் அந்த வருஷத்தோடு முடிகிறது.

ஆனி மாதம் தென்காசியில் என் தம்பி மகனுக்குக் கல்யாணம். வளையக் குழுவின் சார்பில் அவசர அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் முறை அந்த வாரம் எனக்கு வந்திருந்தது. மாற்றிக்கொண்டிருக்கலாம். எங்கே இருந்தாலும் போனில் பேசுகிற வேலைதானே என்று இருந்துவிட்டேன். கோமதியும் அவள் அப்பாவும் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். பந்தி முடிந்து கை கழுவிய கையோடு அவர் என்னைத் தேடி வந்தார்.

"எம்மா, ஒரு விசயம் கேக்கணும். இவ படிப்பு எப்பம் முடியும்?"

"இந்த வாரம் ஒரு வேலை முடிஞ்சுதுன்னா, ஆறு மாசத்துல எழுதிக் குடுத்துருவா, அண்ணாச்சி."

"கடையநல்லூர்ல ஒரு எடம் வந்திருக்கு. நல்ல குடும்பம். படிப்பு முடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்காவ. எம்புட்டு நாள்தான் காத்திருப்பாவ, சொல்லுங்க?"

கோமதி பக்கத்தில் நின்று தாம்பூலப் பையின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "ஆறு மாசம்தான்" என்று நான் துணிந்து சொன்னேன்.

மறுநாள் குற்றாலம். சாரல் காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணம் வைத்தால், வெளியூர்ச் சொந்தத்தை அருவிக்குக் கூட்டிப் போகாமல் அனுப்ப முடியாது. சோறு போடாவிட்டாலும் மன்னிப்பார்கள், இதை மன்னிக்கமாட்டார்கள். இரண்டு வேன் ஆள். உடுப்பு மாற்ற ஐந்தருவிப் பக்கம் லாட்ஜில் ஒரு அறை எடுத்திருந்தோம். கோமதியையும் வரச் சொல்லியிருந்தேன். நட்சத்திரம் மறைகிற நேரம் அன்று மாலைதான். எனக்கும் அவளுக்கும் அருவியில் மனசு இல்லை, மற்றவர்களை அனுப்பிவிட்டு அறையில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. அவசரக் கூட்டம்.

நடந்தது இது. அதற்கு முந்தின நாள் கலம் ஒரு சின்னப் பனி நிலாவை ஒட்டிப் பறந்திருந்தது. அந்த நிலாவின் தென்பகுதியிலிருந்து நீர்த்திவலை பீய்ச்சி அடிக்கும். கலம் அதற்குள் புகுந்து வந்திருந்தது. பார்த்ததையெல்லாம் பூமிக்கு அனுப்புகிற நேரத்தில் தரை நிலையம் இருந்த இடத்தில் பேய்மழை. பாதி தரவுதான் வந்து சேர்ந்தது, மீதிப் பாதி கலத்தின் மெமரியில் கிடக்கிறது. அடுத்து வரிசையில் இருப்பது எங்கள் நட்சத்திரம். அதைப் பதிவு செய்ய ஆரம்பித்தால் நிலாவின் மீதிப் பாதி அழிந்துவிடும். அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எங்கள் நட்சத்திரத்தை ரத்து செய்து, கலத்தைப் பூமியின் பக்கம் திருப்பி, மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். கட்டளை போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே முடிவு உடனே எடுத்தாக வேண்டும்.

போனைக் கட்டில் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். கட்டில் நிறைய ஈரச் சேலை, துண்டு, எண்ணெய் வாசனை. கோமதி எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். போனுக்கு அந்தப் பக்கத்தில் சிலர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்திருந்தார்கள், ஒருவர் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

நிலாக் குழுவின் பிரதிநிதி ஒரு பெண். தொண்டை கட்டிய குரல். அவள் சொன்னது: அடுத்த முறை நிலாவை நெருங்கும்போது இன்னும் தாழப் பறக்கலாமா கூடாதா என்று இந்த வாரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். திவலையில் பெரிய துகள்கள் இருந்தால் கலத்துக்கே ஆபத்து. துகள் அளவு அந்த மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

கூட்டத்தை நடத்தியவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இது கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?"

"வேறு வழியே இல்லை" என்றாள் அவள்.

அடுத்து என்னைக் கேட்டார். நானும் அதையே சொன்னேன். "வேறு வழியே இல்லை. இந்த நட்சத்திரம் போனால் போனதுதான்." மனசார நம்பித்தான் சொன்னேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் வழி இல்லை என்றால், கலத்தில் ஏற்கெனவே ஏற்றிவைத்த திட்டம் அப்படியே ஓடும். அதுதான் விதி. அதாவது ஒருவரும் ஒன்றும் செய்யாமல் இருந்தால் நட்சத்திரம் எங்களுக்கு. எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆறு மாசம் என்று கல்யாண வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேனே.

கூட்டத்தை நடத்தியவர் பெருமூச்சு விட்டார். "யாரிடமாவது வேறு ஏதாவது இருக்கிறதா? இரண்டு நிமிஷம் யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

கோமதி எட்டி, போனை மியூட்டில் போட்டாள்.

"மேடம், இருக்கு."

"என்னது?"

"வேற நட்சத்திரம் ஒண்ணு இருக்கு. அடுத்த வருசம் வருது. இதே எடத்துல மறையும்."

"எனக்குத் தெரியாம எங்கட்டி இருந்துச்சு?"

"நாந்தான் கழிச்சுக் கட்டிட்டேன். ரொம்ப மங்கலு. ஓரத்து வளையத்துக்குப் போதும். நடுவுல கெட்டியா இருக்க எடத்துல ஒளி வெளிய வராது. அங்கன வெறுமையாத்தான் இருக்கும்."

"அப்பம் அதை வச்சு உன் நடு அத்தியாயம் முடியாதுல்லா?"

"முடியாது."

"பெறகு என்ன? நாம சொன்னது பொய் இல்லையே."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அவுங்க கேட்டது என் அத்தியாயம் முடியுமான்னு இல்லல்லா மேடம். கெடைக்காட்டா என்ன செய்வீங்கன்னுதான கேட்டாங்க? அதைச் செய்வேன். அரைகுறையா இருந்தாலும் செய்வேன்ல?"

அப்போது பார்த்துக் கதவு தட்டப்பட்டது. என் தம்பி மனைவி. "மதினி, அருவியில தண்ணி கூடிட்டுன்னு போலீஸ்காரன் விசில் ஊதி எல்லாரையும் வெளிய ஏத்திட்டான். புள்ளைக குளுருல நடுங்குது. துண்டு எடுத்துக் குடுங்க!" நான் கட்டிலில் கிடந்த துண்டுகளை வாரிக் கதவிடுக்கில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கோமதி அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அந்த நிமிஷத்தில் எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அவள் அப்பா முகம், கடையநல்லூர்க்காரர்கள், முடியப்போகிற உதவித்தொகை எல்லாம் வரிசையாக வந்தன. அப்புறம்தான், இவ்வளவும் எனக்கே ஞாபகம் வருகிறதென்றால் அவளுக்கு எத்தனை தடவை வந்திருக்கும் என்று தோன்றியது.

"நீ சொல்லித்தான் ஆவணும்னு ஒண்ணும் இல்ல" என்றேன்.

"தெரியும் மேடம்."

"நான் சொல்லட்டா, நீ சொல்லுதியா?"

"நானே சொல்லுதேன்."

மியூட்டை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த நட்சத்திரத்தின் பெயர், எந்தச் சுற்று, எந்தப் பகுதி கிடைக்கும், எந்தப் பகுதி கிடைக்காது. கிடைக்காத பகுதிதான் தன் ஆய்வின் மையம் என்பதையும் சொன்னாள். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள்.

போனில் மென்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். தொண்டை கட்டிய அந்தப் பெண், "நீ யார்?" என்று கேட்டாள். "மாணவி" என்றாள் கோமதி. கூட்டத்தை நடத்தியவர் நன்றி சொன்னார். கட்டளை போயிற்று. எங்கள் நட்சத்திரம் வளையத்துக்குப் பின்னால் மறைந்து மறுபக்கம் வந்த நேரத்தில் கலம் பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் செங்கோட்டைப் பக்கம் பரோட்டாக் கடையில் எல்லாரும் சாப்பிட்டோம். கோமதியும் சாப்பிட்டாள். திரும்பும்போது வேனில் அவள் அப்பா போன் செய்தார். "ஒரு வேலை தள்ளிப் போச்சுப்பா" என்றாள். "எம்புட்டு நாளு?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. "அடுத்த வருசம்பா" என்றாள். அதற்குப் பிறகு ஊர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிலாவின் மீதிப் பாதி பத்திரமாக வந்து சேர்ந்தது. அதில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் பாதி சொன்னதையே பெரும்பாலும் அதுவும் சொன்னது. துகள்கள் சிறியவை, பயப்பட வேண்டாம் என்று தெரிந்தது, அடுத்த முறை கலம் தாழப் பறந்தது. 'இதற்காகவா?' என்று எங்கள் குழுவில் சிலர் கேட்டார்கள். நீங்களும் கேட்பீர்கள். வந்து சேர்ந்ததை வைத்து முடிவை எடைபோடாதீர்கள். முடிவெடுத்த நேரத்தில் கையில் என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்து எடைபோடுங்கள். கலத்துக்கு ஆபத்தா இல்லையா என்பது அந்த மத்தியானம் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. கோமதி வாயைத் திறந்திருக்காவிட்டால் அந்த வழி அடைபட்டிருக்கும், அடைபட்டது கூட ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நம் தொழிலில் நடக்கிற பெரிய தவறுகள் பெரும்பாலும் இந்த ரகம். ஒருவரும் பொய் சொல்லியிருக்கமாட்டார்கள், மனப்பாடமான பதிலைச் சொல்லியிருப்பார்கள்.

கோமதிக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்லது செய்தவளுக்கு உடனே நல்லது நடந்தது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. கடையநல்லூர்க்காரர்கள் தை மாதத்தில் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். உதவித்தொகையை நீட்டிக்க நான் நடையாய் நடந்தேன், பாதிதான் கிடைத்தது. மீதிக் காலத்தை அவள் தென்காசியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்து ஓட்டினாள்.

அவள் அப்பா இலஞ்சிக்கு வந்தார். எங்கள் நேரம் வேறு குழுவுக்குப் போன சங்கதி எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றார். "நீங்க நெனச்சிருந்தா பிடிச்சு வச்சிருக்கலாம்லா? அடுத்தவுகளுக்குத் தூக்கிக் குடுத்துட்டீயளே. உங்க வீட்டுப் புள்ளைன்னா குடுத்திருப்பீயளா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோமதி ஏற்கெனவே என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டிருந்தாள். "அப்பாட்ட சொல்லாதீங்க மேடம். நீங்க செஞ்சதுன்னு நெனச்சா ரெண்டு நாளு ஏசுவாரு. நான் செஞ்சதுன்னு தெரிஞ்சா மனசு விட்டுப் போயிருவாரு." ரெண்டு நாள் என்று சொன்னாள், ரெண்டு வருஷம் ஆயிற்று. ஆய்க்குடி முருகன் கோயிலில் எதிரே பார்த்தாலும் அவர் வேறு பக்கம் திரும்பிப் போவார். எனக்கு அது வலிக்கத்தான் செய்தது.

மங்கலான நட்சத்திரம் சொன்னபடி அடுத்த வருஷம் வந்தது. கோமதி சொன்னபடியே ஓரத்து வளையம் கிடைத்தது. நடுவில் ஒன்றுமில்லை. அவள் வரைபடத்தில் கோடு மேலும் கீழுமாக வந்து, கெட்டி வளையத்தின் ஓரத்தில் சட்டென்று நின்றுவிடும். கொஞ்ச தூரம் வெறும் வெள்ளை. அந்தப் பக்கத்திலிருந்து கோடு மறுபடி ஆரம்பிக்கும். வேறு ஆட்களாக இருந்தால் அந்த இடத்தை மதிப்பீட்டுக் கணக்கு வைத்துப் புள்ளிக்கோடாவது போட்டு ஒப்பேற்றியிருப்பார்கள். நானே சொல்லிப் பார்த்தேன். "அளக்காததை எப்படி மேடம் போட?" என்று கேட்டுவிட்டு, அப்படியே விட்டுவிட்டாள்.

வாய்மொழித் தேர்வு வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது பல்கலைக்கழக வழக்கம். கோமதியின் அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஆய்க்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். அறை நிறைந்துவிட்டதால் அவருக்குக் கிடைத்த நாற்காலி என் பக்கத்தில். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கொஞ்சம் கெடுபிடியான மனிதர். வரைபடம் திரையில் வந்ததும் அந்த வெள்ளை இடத்தைச் சுட்டிக்காட்டினார். "உங்கள் ஆய்வின் தலைப்பே இந்த இடம்தான். இங்கே ஒன்றுமில்லையே? இதற்குப் பொருத்தமான நட்சத்திரம் ஒன்று, நீங்கள் அளந்ததற்கு முந்தின வருஷம் இருந்ததே, அதை ஏன் பயன்படுத்தவில்லை?"

"அந்த நேரத்தில் கலம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது" என்றாள் கோமதி.

"யார் திருப்பியது?"

மழை என்று சொல்லியிருக்கலாம். நிலாக் குழு என்று சொல்லியிருக்கலாம். என்னைக் கைகாட்டியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன். அப்பா உட்கார்ந்திருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"நான்தான்" என்றாள். என்ன நடந்தது என்று நாலே வரியில் சொன்னாள்.

அறை அமைதியாகிவிட்டதைப் பார்த்து அவள் அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. ரெண்டு வருஷத்துக்குப் பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, எதுவும் தப்பாச் சொல்லிட்டாளா? என்ன சொல்லுதா?"

இதற்கு மேல் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. "அந்த வெள்ளையா இருக்க எடத்தை அடுத்தவுகளுக்கு விட்டுக் குடுத்தது நான்தான்னு சொல்லுதா, அண்ணாச்சி. நான் குடுக்கல. அவதான் குடுத்தா."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நம்ம முறைக்கு வந்த தண்ணிய, மடையத் தெறந்து அடுத்த வயலுக்கு விட்டிருக்கா. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அவளாவே போயி விட்டாளா? அவுக கேட்டாவளா?"

"கேட்டாங்க. வேற வழி உண்டுமான்னு கேட்டாங்க. உண்டும்னு சொன்னா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன்னால் கோமதி அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நான்னா இல்லன்னுதாம்மா சொல்லிருப்பேன்."

"நானும் அதைத்தான் சொன்னேன், அண்ணாச்சி" என்றேன்.